குளிர் தொடங்கும் நேரத்தில் கொத்துக் கொத்தாக முடி: ஓசூர் ஹஸ்கியும் எங்கள் வீட்டுப் பஞ்சும்

கேள்வி: 2 நவம்பர் 2025, காலை

ஆண் சைபீரியன் ஹஸ்கி, மூன்று வயது. ஓசூரில் இருக்கிறோம். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. கையால் தடவினாலே கொத்தாக வருகிறது. தினமும் ஒரு கேரி பேக் நிறையச் சேர்கிறது. வெயில் காலத்துக்கு முன்னால்தான் இந்த ஜாதி நாய்கள் முடி உதிர்க்கும் என்று படித்தேன். குளிர் தொடங்கும் நேரத்தில் உதிர்க்கிறானே, இது என்ன கணக்கு? நன்றாகச் சாப்பிடுகிறான், ஓடுகிறான். பயப்பட வேண்டுமா?

என் பதில்: 2 நவம்பர், இரவு

பயப்பட ஒன்றும் இல்லை. இவை இரண்டு சட்டை போட்ட நாய்கள். வெளியே நீளமாக, கொஞ்சம் முரடாக ஒரு முடி. அதற்கு அடியில் பஞ்சு மாதிரி மெத்தென்று இன்னொன்று. கொட்டுவது பெரும்பாலும் அந்த அடிமுடி.

எங்கள் வீட்டில் இருப்பது ஸ்பிட்ஸ், பெண், ஆறு வயது, பெயரே பஞ்சு. பொமரேனியன் என்று நினைத்துத்தான் வாங்கினேன். அசல் பொமரேனியன் இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், இவள் பதினொன்று. நம் ஊரில் தெருவுக்குத் தெரு ‘பாம்’ என்று கூப்பிடுவதில் முக்கால்வாசி இந்தியன் ஸ்பிட்ஸ்தான்.

வெயில் ஏறினால் கொட்டும், குளிர்ந்தால் முளைக்கும். இந்த வருடம் மழையும் வெயிலும் மாறி மாறி வந்ததில் உடம்பு குழம்பியிருக்கும். நீளப் பல் உள்ள ரேக் சீப்பு வாங்கித் தினமும் சீவிவிடுங்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

3 நவம்பர்

நேற்று எழுதியதில் பாதி தப்பு.

அக்கா ஸ்கார்பரோவில் இருக்கிறாள், டொராண்டோ பக்கம். அவளிடம் மலமூட் இருக்கிறது, ஹஸ்கிக்குப் பெரியப்பா மாதிரி ஒரு உருவம். “வெயில் ஏறினால் கொட்டும்” என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு போன் செய்தாள். “வெயிலா? இங்க வாசல்ல பனி கரையறதுக்குள்ளயே கொட்ட ஆரம்பிச்சுடும்டி. நான் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு சீவிக்கிட்டு இருப்பேன்.”

அவள் சொன்ன பிறகு உட்கார்ந்து படித்தேன். நாயின் உடம்பு முதலில் பார்ப்பது வெயிலின் சூட்டை இல்லை, பகலின் நீளத்தை. இருட்டு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கண் மூளைக்குச் சொல்கிறது. இருட்டில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இரவு நீளமானால் அது அதிக நேரம் சுரக்கும், குறுகினால் குறையும். அந்த ஏற்ற இறக்கம் வேறு சில ஹார்மோன்களைத் தட்டி, முடிக்குப் ‘போகலாம்’, ‘வரலாம்’ என்று உத்தரவு போடுகிறது. சூட்டுக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் மேஸ்திரி வெளிச்சம்தான். டொராண்டோவில் ஜூன் மாதப் பகல் பதினைந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டிசம்பரில் ஒன்பதுகூட இல்லை. ஆறரை மணி நேர வித்தியாசம். எந்த நாய்க்கும் புரிந்துவிடும்.

3 நவம்பர், மதியம்

ஓசூருக்கும் பார்த்தேன். மிக நீண்ட பகல் 12 மணி 52 நிமிடம் சுமார். மிகக் குறுகியது 11 மணி 22 நிமிடம் சுமார். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதுவும் ஆறு மாதம் எடுத்துக்கொண்டு, நாளுக்கு அரை நிமிடமாக நகர்கிறது. சைபீரியாவில் உருவான உடம்பு இதைப் பார்த்து என்ன முடிவுக்கு வரும்? நாள்காட்டியைக் கையில் கொடுத்துவிட்டுத் தேதிகளை எல்லாம் அழித்துவிட்ட மாதிரிதான்.

ஆகவே “ஏன் வெயில் காலத்துக்கு முன்னால் கொட்டவில்லை” என்ற கேள்வியே இங்கே செல்லாது போலிருக்கிறது.

5 நவம்பர்

அந்த ஒன்றரை மணி நேரத்தையும் நாம் விட்டுவைப்பதில்லை. எங்கள் வீட்டில் டியூப் லைட் பதினொரு மணி வரை எரியும். அப்பா நாலரைக்கு எழுந்து சமையலறை லைட்டைப் போடுவார். பஞ்சுவுக்கு வருடம் முழுக்கப் பதினெட்டரை மணி நேரப் பகல். வீட்டுக்குள் வளரும் நாய்கள் வருடம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். பஞ்சு அப்படித்தான். தினம் கொஞ்சம், நடுவில் இரண்டு முறை பெரிய அளவில். அந்த இரண்டு முறையும் எந்த மாதம் என்று என் பழைய போட்டோக்களை வைத்துப் பார்த்தேன். 2021இல் பிப்ரவரி, ஆகஸ்ட். 2022இல் ஏப்ரல், அக்டோபர். 2024இல் ஜனவரி, ஜூலை. ஒழுங்கு என்று எதுவும் கண்ணில் படவில்லை. 2023ஐ விட்டுவிட்டேன், அது தனிக் கதை.

அப்பா கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர், கடைசிப் பன்னிரண்டு வருடம் புளோ ரூமில். மில் பழக்கம் இல்லாதவர்களுக்கு: பேல் பஞ்சைப் பிரித்து, அடித்து, தூசி தட்டும் இடம். காற்றெல்லாம் பஞ்சாக இருக்கும். எங்கள் நாய் பஞ்சு பெரிய அளவில் உதிர்க்கும் வாரங்களில் சோபாவில் உட்கார்ந்தபடி சொல்வார்: “ஏங்கண்ணு, ரிட்டயர் ஆகி வந்தும் நான் புளோ ரூம்லயேதான் உக்கோந்திருக்கோணுமாட்டக்குது.”

6 நவம்பர்

ஓசூர் நண்பர் பதில் போட்டிருக்கிறார். நாய் வீட்டுக்குள்தான், ராத்திரி ஏசி அறையில் படுக்கிறான். வெடிச் சத்தத்துக்கு மிகவும் பயந்தானாம், அதனால் இருக்குமா என்று கேட்கிறார்.

பயத்தில் முடி உதிரும், உண்மை. மருத்துவர் மேசை மேல் ஏற்றினால் பஞ்சு நின்ற இடத்திலேயே ஒரு பிடி உதிர்ப்பாள். ஏற்கெனவே விழ இருந்த முடி அது. ஆனால் உங்களுடையது தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாலேயே தொடங்கிவிட்டதே. உங்கள் தெருவில் பசங்கள் எவ்வளவு அவசரக்காரர்களாக இருந்தாலும் மூன்று வாரக் கொட்டலை வெடியின் தலையில் கட்ட முடியாது.

8 நவம்பர்

ஹஸ்கியின் போட்டோ பார்த்தேன். நேரில் பார்ப்பது மாதிரி வராது, இருந்தாலும் சொல்கிறேன். உடம்பு முழுக்க ஒரே சீராக மெலிந்திருக்கிறது. எங்கேயும் சொட்டை இல்லை. தோல் வெளிர் ரோஜா நிறத்தில் சுத்தமாக இருக்கிறது. நல்லது. வட்ட வட்டமாகப் போயிருந்தால் பூஞ்சை, சொறிப் பூச்சி என்று யோசிக்க வேண்டும். சொறிந்துகொண்டே இருந்தால், காதிலிருந்தும் பாதத்திலிருந்தும் புளித்த மாவு வாடை வந்தால், அது வேறு விஷயம். அரிப்பே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சொட்டையாகி, தோல் கறுத்துப்போனால் ஹார்மோன் பக்கம் பார்ப்பார்கள். வால் எலி வால் மாதிரி ஆகி, நாய் குண்டாகி, எப்போதும் தூங்கிக்கொண்டே இருந்தால் தைராய்டு.

இப்போது 2023. இதை எழுத வேண்டுமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். முட்டாள்தனம் என்னுடையது என்பதால்.

அந்த வருடம் ஆடியில் பஞ்சுவுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. மழைக்குப் பிறகு மாடிப்படிச் சந்தில் உண்ணி பெருகியிருந்தது, நான் கவனிக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை, ஈறு வெளுத்துப்போனது. ரத்தம் எடுத்தபோது பிளேட்லெட் 48 ஆயிரம். நாய்களுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுத்தோம். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பாள் என்று தினமும் ஒரு உருண்டை சாதத்துக்குள் ஒளித்து வைத்து, அதை அவள் சாதத்தை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்ப, அப்பா அதை எடுத்து மறுபடி ஒளிக்க. ஒருவழியாகப் பிழைத்தாள். ஆவணி கடைசியில் பழையபடி கேட்டைப் பார்த்துக் குலைக்க ஆரம்பித்தாள். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஐப்பசியில் முடி கொட்ட ஆரம்பித்தது. சாதாரணமாக இல்லை. சமையலறை எடை மெஷினில் அப்பா நிறுத்தார், ஒரே வாரத்தில் 180 கிராம். பருத்திப் பஞ்சின் எடை தெரிந்தவர்களுக்கு 180 கிராம் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று தெரியும். நான் என்ன செய்தேன்? புது ஷாம்பூதான் காரணம் என்று முடிவு கட்டி வேறு ஷாம்பூ வாங்கினேன். வாரம் ஒரு குளியல். அப்புறம் தேங்காய் எண்ணெய், அதை நக்கி நக்கி வயிற்றுப்போக்கு. அப்புறம் உணவை மாற்றினேன். கடைசியில் ஒரு கிளினிக்கில் காட்டி, “தைராய்டாக இருக்கும்” என்று அவர்கள் சொல்ல, முன்பு காய்ச்சலின்போது எடுத்த ரிப்போர்ட்டில் தைராய்டு குறைவு என்று இருந்ததையும் நானே எடுத்து நீட்டினேன். ஆயுளுக்கும் மாத்திரை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மருந்துக்கடைக்குப் போகும் வழியில் இன்னொரு மருத்துவரிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அவர் வயதானவர், மாட்டாஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். ரிப்போர்ட் தேதியைப் பார்த்தார். “காய்ச்சல்ல கெடந்தப்ப எடுத்ததுங்களா? அப்ப எந்த நாய்க்கும் அது கொறைஞ்சுதான் இருக்கும்” என்றார். பெரிய நோய் வந்தால் தைராய்டு அளவு தற்காலிகமாகக் கீழே போகுமாம், சுரப்பி நன்றாகவே இருந்தாலும். பிறகு பஞ்சுவின் இடுப்பில் நாலைந்து முடியைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வளர்கிற முடியின் வேர் குண்டாக, மெத்தென்று, சாயத்தோடு இருக்குமாம். நான் பார்த்தது எல்லாம் கூர்மையாக, ஈட்டி முனை மாதிரி வெளுத்து இருந்தது. எல்லாம் ஓய்வுக்குப் போன முடி. அப்புறம் கேட்டார்: “ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னால என்னங்க நடந்துச்சு?”

அதுதான் கேள்வி. உடம்புக்குப் பெரிய அடி விழும்போது வளர்ந்துகொண்டிருக்கும் முடியெல்லாம் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தி ஓய்வுக்குப் போகிறது. உடனே விழாது. ஒன்றிலிருந்து மூன்று மாதம் வேரில் உட்கார்ந்திருந்து, அடியில் புது முடி முளைத்துத் தள்ளும்போதுதான் விழுகிறது. நாய் நோயில் இருக்கும்போது முடி கொட்டாது, நாய் குணமாகி, நாம் நோயையே மறந்த பிறகு கொட்டும். பிரசவம் ஆன பெண்களுக்கு மூன்றாம் மாதம் கொட்டுகிறதே, ஏறக்குறைய அதே கதை.

தைராய்டு டெஸ்ட்டை இரண்டு மாதம் கழித்துத் திரும்ப எடுத்தோம். சரியாக இருந்தது.

ஓசூர் நண்பரே, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் அவனுக்குக் காய்ச்சல், வாந்தி பேதி, ஏதாவது வந்ததா?

9 நவம்பர்

“எந்த நோயும் வரவில்லை, தடுப்பூசி எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறோம்” என்கிறார். என் அருமையான கொள்கை ஒரே நாளில் காலி.

12 நவம்பர்

இந்தக் கேள்வி பதில் இழையைப் படித்த இன்னொருவர், ஈரோடு, கோல்டன் ரிட்ரீவர் பெண். வருடத்துக்கு இரண்டு முறை கொட்டுகிறது, ஆனால் மாதம் மாறிக்கொண்டே போகிறது என்கிறார். பெண் நாயென்றால் சீசனைப் பார்க்க வேண்டாம், அவளுக்கு ஹீட், அதாவது இணை சேரும் பருவம், வந்த தேதியைப் பாருங்கள். ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் கொட்டும். குட்டி போட்டாலும் அப்படித்தான், இன்னும் மோசமாக. தாய் நாய் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு தான் மட்டும் கிழிந்த துடைப்பம் மாதிரி நிற்கும். ஹீட் ஆறு ஏழு மாதத்துக்கு ஒரு முறை வருவதால் தேதி தள்ளித் தள்ளிப் போகும். முடியும் பின்னாலேயே போகும்.

இதை எழுதிவிட்டு 5ஆம் தேதிக் குறிப்பை மறுபடி பார்த்தேன். பிப்ரவரி, ஆகஸ்ட். ஏப்ரல், அக்டோபர். ஆறு மாத இடைவெளி! ஒழுங்கே இல்லை என்று எழுதிய மகானுபாவி நான்தான். பஞ்சுவுக்குக் கருத்தடை செய்யவில்லை. அவளுக்கு நாள்காட்டி இருந்திருக்கிறது, நான்தான் தப்பான நாள்காட்டியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

15 நவம்பர்

சாப்பாடு. நான்கு பேர் கேட்டுவிட்டதால்.

முடி என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம். அடர்முடி நாய் சாப்பிடும் புரதத்தில் கால் பங்குக்கு மேல் தோலுக்கும் முடிக்குமே போகும் என்பார்கள். நம் வீடுகளில் ஸ்பிட்ஸ் எல்லாம் தயிர்சாதத்தில் வளர்ந்தவை. பஞ்சுவும் இரண்டு வயது வரை தயிர்சாதமும் மேரி பிஸ்கட்டும்தான். முடி பளபளப்பு இல்லாமல், நுனி பிளந்து, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. முட்டையும் கோழியும் சேர்த்த பிறகு நான்கு மாதத்தில் மாறியது.

ஹஸ்கிக்கும் மலமூட்டுக்கும் தனியாக ஒரு கோளாறு உண்டு. சில நாய்களின் குடல் துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்சாது. பிறவிக் குறை. கண்ணைச் சுற்றி, வாயைச் சுற்றி, பாதத்தில் பொருக்குத் தட்டி முடி போகும். தவிடும் தானியமும் அதிகமான உணவும் கால்சியம் மாத்திரையை அள்ளிப் போடுவதும் அதை மோசமாக்கும். ஓசூர்க்காரர் மூக்கைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பினார், பொருக்கு எதுவும் இல்லை. நாய் கேமராவை நக்கியதில் பாதிப் படம் நாக்குதான்.

துத்தநாக மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அளவு கூடினால் விஷம்.

16 நவம்பர்

கொட்டிய முடியை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். நான் ஒரு பழைய வெங்காய வலைப்பையில் அடைத்து முருங்கை மரத்தில் கட்டிவிடுவேன். சின்னான் குருவி வந்து இழுத்துக்கொண்டு போய்க் கூட்டுக்கு மெத்தை போடும். பார்க்க நன்றாக இருக்கும்.

அப்பா வேறு வழியில் முயன்றார். ஒரு கொத்தை எடுத்து விரலால் இழுத்து இழை நீளம் பார்த்தார், சுவின் என்கிற நீள இழைப் பருத்தியைப் பார்க்கிற அதே முகபாவத்தோடு. “ஸ்டேப்பிள் நல்லாத்தேன் இருக்குது. முறுக்குனா நிக்க மாட்டேங்குது, வழுக்கீட்டுப் போகுது” என்றார். நாய் முடியில் ஆட்டு முடிக்கு இருக்கும் நெளிவு இல்லை, அதனால் பிடிப்பு வராது. தனியாக நூற்பது கஷ்டம், கம்பளியோடு கலந்தால் வரும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சாலிஷ் பழங்குடிப் பெண்கள் இதற்கென்றே ஒரு வெள்ளை நாயினத்தை வளர்த்து, மற்ற நாய்களோடு கலந்துவிடாமல் பிரித்து வைத்து, ஆடு மாதிரி கத்தரித்துக் கம்பளிப் போர்வை நெய்தார்கள். அந்த இனம் இப்போது இல்லை. ‘மட்டன்’ என்று பெயர் வைத்த ஒரு நாயின் தோல் மட்டும் 1859இலிருந்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். “நாயிக்கு மட்டன்னு பேரு வெச்சவன் நம்மாளாத்தான் இருப்பான்” என்றார்.

20 நவம்பர்

மேலே சின்னானுக்குக் கொடுப்பதாக எழுதினேன் அல்லவா, அதைச் செய்யாதீர்கள். உண்ணிக்காகக் கழுத்தில் சொட்டு மருந்து விடுகிறோமே, அதில் பலவற்றில் இருப்பது ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி. முடியிலேயே தங்கும். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் பட்டாணிக்குருவி வகைப் பறவைகளின் கூடுகளைச் சோதித்தபோது அந்த மருந்து கூடுகளில் இருந்தது. மருந்து அதிகம் இருந்த கூடுகளில் செத்த குஞ்சுகளும் பொரியாத முட்டைகளும் அதிகம். பஞ்சுவுக்கு 2023லிருந்து மாதாமாதம் விடுகிறேன். இரண்டு வருடமாக மருந்து மெத்தையை அல்லவா மரத்தில் கட்டியிருக்கிறேன்.

வலைப்பையை இறக்கிவிட்டேன். இப்போது குப்பைக்குத்தான் போகிறது. அப்பாவுக்கு வருத்தம், சின்னான் வரத்துக் குறைந்துவிட்டதாம். குறையவில்லை, அவர் கண்ணாடி மாற்ற வேண்டும்.

24 நவம்பர்

“பேசாமல் மொட்டை அடித்துவிடட்டுமா?” என்று ஓசூர்க்காரர் கேட்கிறார். வீட்டம்மா கோபமாம்.

வேண்டாம். ஒட்ட மழித்தால் வெயில் நேராகத் தோலில் படும். அதைவிட முக்கியம், இந்த ஜாதிகளில் மழித்த முடி திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை. காரணம் அவற்றின் முடிக் கணக்கு. பூடில் நாயின் முடி எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் வெட்டினாலும் வந்துவிடும். பனிப்பிரதேச நாய்கள் சிக்கனக்காரர்கள். இரை கிடைக்காத நாட்டில் வருடம் முழுக்க முடி வளர்த்துக் கட்டுபடியாகுமா? ஒரு முறை வளர்த்துவிட்டு, மாதக் கணக்கில், சில நேரம் வருடக் கணக்கில், அதை ஓய்வில் வைத்தே காலம் தள்ளும். ஓய்வில் இருக்கும் வேரின் மேல் மழித்துவிட்டால், அது தன் முறை வரும் வரை எழுந்திருக்காது.

எங்கள் பக்கத்து வீட்டு ஸ்பிட்ஸைச் சித்திரை வெயிலில் ஒரு கடையில் மழித்துக் கொண்டுவந்தார்கள். ஒட்ட மழிக்கச் சொன்னது அந்த அக்காதான், கடைக்காரர் ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம். முதுகில் முடி வர ஒன்றரை வருடம் ஆனது. வந்ததும் அடிமுடிதான் முதலில் வந்தது, மேல்முடி திட்டுத் திட்டாக. அந்த ஒன்றரை வருடமும் தெருவில் எல்லோரும் அதை ஆட்டுக்குட்டி என்றார்கள். அக்கா இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

பாதத்துக்கு அடியிலும் பின்புறமும் கத்தரித்துவிடுவது போதும். முழுக் குளியல், நன்றாக ஊறவைத்து, பிறகு வேகமாகக் காற்றடிக்கும் புளோயர். வெளியில் வைத்துச் செய்யுங்கள். நான் முதல் முறை ஹாலில் செய்து, மின்விசிறியின் மேல்பக்கம் வரை வெள்ளையாகிவிட்டது. சீவும்போது ரேக்கை அழுத்தாதீர்கள், நான் அழுத்தி ஒரு முறை தோலில் கோடு போட்டிருக்கிறேன். கத்தி வைத்த சீப்பை வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் எடுக்காதீர்கள், அது நல்ல மேல்முடியையும் வெட்டிவிடுகிறது. வெட்டியதையும் உதிர்ந்தது என்று எண்ணிக்கொண்டு நாம் இன்னும் சீவுவோம்.

25 நவம்பர்

கொட்டுவது நின்றதா என்று ஓசூருக்குக் கேட்டேன். குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. சனிக்கிழமை பெங்களூரில் தோல் மருத்துவம் பார்ப்பவரிடம் நேரம் வாங்கியிருக்கிறாராம். முடியைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மருத்துவருக்கு நான் பாடம் எடுக்கிறேன்!

30 நவம்பர்

வந்துவிட்டது பதில். அவர் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தோலைச் சுரண்டிப் பார்த்தார்கள், பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை. முடியைப் பிடுங்கிப் பார்த்ததில் அத்தனையும் ஓய்வு முடி, ஈட்டி முனை. இடுப்பில் முடியை விலக்கிக் காட்டினாராம், அடியில் அரை சென்டிமீட்டருக்குப் புது முடி. பிறகு மருத்துவர் கேட்டிருக்கிறார், ஆகஸ்ட் பக்கம் ஏதாவது நடந்ததா என்று. இவர் “ஒன்றும் இல்லையே” என்று சொல்ல, கூட வந்த மனைவி, “ஆகஸ்ட் பதினெட்டுதானே ஆபரேஷன்?” என்றாராம்.

கருத்தடை ஆபரேஷன். முழு மயக்கம், இரண்டு நாள் சாப்பிடவில்லை, பத்து நாள் கழுத்தில் புனல் மாட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் சோகம். தீபாவளி அக்டோபர் 20, கொட்ட ஆரம்பித்தது அதற்கு ஒரு வாரம் முன்னால். ஆகஸ்ட் 18இலிருந்து எண்ணினால் எட்டு வாரம்.

நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்க நோய் வந்ததான்னுதானே கேட்டீங்க” என்கிறார். நியாயம்தான். காய்ச்சலும் வாந்தியும் என்றுதான் கேட்டேன், என் பஞ்சுவுக்கு வந்தது அதுதான் என்பதால். பெரியவர் என்னிடம் கேட்டது “என்ன நடந்துச்சு” என்று. அந்தக் கேள்வியை நான் என் வசதிக்குச் சுருக்கிவிட்டேன்.

9ஆம் தேதிக் குறிப்பை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

1 டிசம்பர்

அவசரமாக ஒன்று. நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு “அப்படியானால் ஆபரேஷனே வேண்டாம்” என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அப்படி நான் சொல்லவில்லை. கொட்டும், பிறகு முளைக்கும். கருத்தடைக்குப் பிறகு சில நாய்களுக்கு, நீளமுடி ஜாதிகளுக்கு முக்கியமாக, அடிமுடி அதிகமாகிக் கம்பளி மாதிரி ஆவது உண்டு. அது நிரந்தரம். சீவும் நேரம் கூடும், அவ்வளவுதான். அதற்காகப் பெண் நாயைக் கருப்பையில் சீழ் வைத்து இழக்க முடியுமா? இப்படிச் சொல்லிக்கொண்டே பஞ்சுவுக்கு நான் இன்னும் செய்யவில்லை. ஆறு வயது. தை மாதம் என்று அப்பாவிடம் பேசி வைத்திருக்கிறேன்.

மருத்துவர் ஓசூர்க்காரருக்குச் சொன்ன இன்னொன்றையும் சேர்க்கிறேன்: மூன்று மாதத்தில் மூடவில்லை என்றால் வரச் சொல்லியிருக்கிறார், அப்போது தைராய்டு உட்பட மற்றதைப் பார்க்கலாம் என்று. இப்போதே எல்லா டெஸ்ட்டையும் எழுதவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

14 டிசம்பர்

ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள் வந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிரியுங்கள். ஒட்டிய குட்டை முடி, அடிமுடி என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஈரத்துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. அப்பாவும் ஆறு வருடமாக இதைத்தான் சொல்கிறார். சொல்லிக்கொண்டே மடியில் யாரை வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

17 ஜனவரி 2026

ஓசூரிலிருந்து போட்டோ. இடுப்பும் தொடையும் மூடிவிட்டன. கழுத்தைச் சுற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் மெலிசு. புது முடி பழையதைவிடக் கறுப்பாக இருக்கிறதே என்று கேட்கிறார். புது முடிக்கு வெயிலில் வெளுக்க நேரம் ஆகவில்லை, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். கேரி பேக் கணக்கு வாரத்துக்கு ஒன்றுக்கு வந்துவிட்டதாம்.

இங்கே பஞ்சு ஆரம்பித்துவிட்டாள். பொங்கலன்று காலை தொடையைச் சொறிந்தாள், ஒரு கொத்து பறந்து வாசல் கோலத்தில் உட்கார்ந்தது. ஹீட் வந்தது அக்டோபர் கடைசியில், இந்த முறை எழுதி வைத்திருந்தேன். பதினோராவது வாரம். அப்பா எடை மெஷினைத் துடைத்து வைத்துவிட்டார்.